ஆவாரஞ்செடியும் அது வாழும் புதர்க்காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். காரை, விரலி, ஆவாரை என்று புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் காட்டில் தானாக வளரும் செடிகள்தான் அதில் அதிகம். செடி வாங்க வருபவர்களும், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு புதர்க்காட்டுக்கு நடக்க வருபவர்களும் ஆவாரையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்டதையே பலரும் கேட்பதால், அவர்கள் வாயில் வந்த வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பேச்சு சூடு பிடிக்கிற கேள்விகளைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஆவாரை, ஆவாரம், ஆவிரைன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது சரியான பேர்?

எல்லாம் ஒரே செடிதான். ஆவிரை என்பது பழைய பெயர். சங்கப் பாடல்களில் மடலேறும் தலைவன் பனை மட்டையால் செய்த குதிரைக்கு ஆவிரம்பூ மாலை கட்டுவான். அந்தச் சொல்தான் பேச்சில் ஆவாரை, ஆவாரம் என்று ஆகியிருக்கிறது. கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம் இருக்கிறது. பெயரிலேயே செடி நிற்கிறது.

தாவரவியலில் இதற்கு சென்னா ஆரிகுலேட்டா என்று பெயர். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் கேசியா ஆரிகுலேட்டா. பழைய மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு செடி என்று நினைத்துவிடாதீர்கள். ஆரிகுலேட்டா என்றால் காது போன்றது என்று பொருள். காது எங்கே இருக்கிறது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். தெலுங்கில் இது தங்கேடு. தெலங்கானாவின் மாநில மலர் இதுதான். பதுகம்மா பண்டிகையில் பெண்கள் அடுக்கும் பூக்கோபுரத்திலும் இதற்குத்தான் முதலிடம்.

ரோட்டோரம் மஞ்சளா பூத்தா எல்லாம் ஆவாரம்பூதானா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இல்லை. ஆவாரை ஒரு புதர்ச்செடி. பெரும்பாலும் இடுப்பு உயரம், நல்ல இடமாக இருந்தால் ஆள் உயரத்துக்கும் மேலே போகும். அடியிலிருந்தே பல கிளைகள் பிரியும், பட்டை செம்பழுப்பாக இருக்கும். ஒரு ஈர்க்கில் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். அந்த ஈர்க்கு தண்டோடு சேரும் இடத்தில் வட்டமாக, இலை போலவே பச்சையாக இரண்டு செதில்கள் பார்க்கலாம். அதுதான் காது. மற்றச் செடிகளில் இந்தச் செதில் சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஆவாரையில் உதிராமல் நிற்கும். பூ இல்லாத நாளிலும் இந்தக் காதை வைத்தே நான் செடியைச் சொல்லிவிடுவேன்.

காயும் நல்ல அடையாளம். தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, விரல் நீளத்துக்குத் தொங்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாகக் குழி தெரியும். சரக்கொன்றை மரம், அதன் காய் உருண்டையான தடி. சீமை அகத்திக்குப் பூ மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். தகரை முழங்கால் உயரச் சிறு செடி, மழைக்காலம் முடிந்தால் காய்ந்துவிடும். முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் காட்டுக்குள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் உயரமான மரங்களைப் பார்த்து "ஆவாரங்காடு" என்று படம் அனுப்புகிறார்கள். அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து காட்டை அடைத்துக்கொண்ட மரம் அது. வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது.

நிலாவாரைப் பொடியும் ஆவாரைப் பொடியும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. இதில் ஏமாந்தால் வயிறுதான் கஷ்டப்படும். நிலாவாரை என்பது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பயிராகச் சாகுபடி செய்து ஏற்றுமதியாகும் வேறு செடி. அதன் இலை பேதி மருந்து. நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது முழுப் பெயரையும் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

இது காட்டுச்செடியா, ஊர்ச்செடியா? இயற்கையா எங்கே வளரும்?

இந்தியாவின் வறண்ட பகுதிகள், இலங்கையின் உலர்வலயம், மியான்மர், இவை இதன் சொந்த மண். யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை. நம் பக்கம் செம்மண் மேடு, சரளைக்கல் தரை, கரிசல் காட்டு ஓரம், கண்மாய்க்கரை, ரயில் பாதை ஓரம் என்று வெயில் நேராக விழும் இடமெல்லாம் நிற்கும். லேசான உப்பு மண்ணையும் தாங்கிக்கொள்ளும். நிழலும் தண்ணீர் தேங்கும் இடமும் மட்டும் ஆகாது. அதனால்தான் மழைக்காட்டுக்குள்ளோ உயர்ந்த மலையிலோ இதைப் பார்க்க முடியாது.

இது தனியாக வாழும் செடியும் இல்லை. ஆவாரை நிற்கும் இடத்தில் கொஞ்சம் நின்று சுற்றிப் பாருங்கள். இலந்தை, சூரை, காரை, விரலி, கிளுவை, சங்கஞ்செடி, சதுரக்கள்ளி, அதன்மேல் படர்ந்த பிரண்டை, நடுநடுவே குடைவேல மரம், தரையில் தும்பையும் நெருஞ்சியும். இதைத்தான் முட்புதர்க்காடு என்கிறோம். கௌதாரி குஞ்சுகளோடு ஓடுவதும், முயல் படுத்திருப்பதும், ஆண் விசிறித்தொண்டை ஓணான் கல்மேல் ஏறித் தொண்டையை விரித்துக் காட்டுவதும், மழை முடிந்த காலையில் நட்சத்திர ஆமை மெதுவாக மேய வருவதும் இங்கேதான். (ஆமையைக் கண்டால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்.)

வருஷம் பூரா பூக்குமா?

மழை கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் கொஞ்சம் பூக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தையில்தான் செடி முழுக்க மஞ்சளாக நிற்கும். கோடையில் பூ குறையுமே தவிர, செடி இலையை முழுக்க உதிர்த்துவிடாது. சித்திரை வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க, இது மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தால் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று புரியும். வெயிலில் ஏர் ஓட்டியவர்களும் நடந்து போனவர்களும் ஆவாரந்தழையைத் தலையில் வைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டது சும்மா இல்லை.

பொங்கலுக்கு வாசல்ல ஏன் கட்டுறாங்க?

கொங்குப் பகுதியிலும் சேலம், நாமக்கல், தருமபுரி பக்கமும் போகியன்று காப்புக் கட்டுவார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை, மாவிலை சேர்த்துக் கட்டி வாசல், மாட்டுக்கொட்டகை, கிணறு, வயல் என்று எல்லா இடத்திலும் செருகுவார்கள். நோய் நொடி அண்டாது என்ற நம்பிக்கை அது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியும் அதைத்தான் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. காப்புக் கட்டும் பூ கடையில் வாங்கும் பூவாக இருந்ததில்லை. வீட்டுப் பிள்ளைகள் காட்டுக்குப் போய் ஒடித்து வருவார்கள். ஆண்டுக்கு ஒரு நாளாவது ஊர் தன் புதர்க்காட்டுக்குள் கால் வைத்தது. இப்போது சந்தையில் கட்டு போட்டு விற்கிறார்கள். பூ வீட்டுக்கு வந்துவிடுகிறது, காடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரிவதில்லை.

இவ்வளவு பூ இருக்கே, தேன்பெட்டி வைக்கலாமா?

ஆவாரையை மட்டும் நம்பி வைக்காதீர்கள். ஆவாரம்பூவுக்குள் தேன் கிடையாது. வருகிற பூச்சிக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டும்தான், அதையும் சுலபமாகக் கொடுக்காது. ஒரு பூவைப் பறித்து உள்ளே பாருங்கள். மகரந்தப்பைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மேலே இருப்பவை குட்டையாக, வேலை செய்யாதவை. கீழே இருப்பவை நீண்டு வளைந்திருக்கும். மற்றப் பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துப் பொடி வெளியே வரும். இதில் நுனியில் ஒரு சிறு துளைதான். உப்பு டப்பா மாதிரி. ஆட்டினால்தான் கொட்டும்.

ஆட்டத் தெரிந்தது கருவண்டு. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுமே, பெரிய கறுப்பு வண்டு, உண்மையில் அது ஒரு தேனீ. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் அதன் உடம்பில் கொட்டும். பறக்கும்போது வரும் ரீங்காரம் ஒரு மாதிரி, பூவில் உட்கார்ந்ததும் வரும் ஒலி வேறு மாதிரி, கூர்மையாக ஏறும். மார்கழிக் காலை எட்டு மணிக்கு ஆவாரங்காட்டுக்குள் கண்ணை மூடி நின்றால் இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். என்னோடு வருபவர்களை முதலில் இதைக் கேட்க வைப்பேன், பேச்செல்லாம் பிறகுதான்.

பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. சிந்திய பொடியைப் பொறுக்கும், அவ்வளவுதான். ஆனால் கத்தரி, தக்காளிப் பூவும் இதே மாதிரி நுனித்துளை வகைதான். கத்தரிக்குப் போகிற கருவண்டு கத்தரி இல்லாத மாதங்களில் எங்கே சாப்பிடும்? தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆவாரை வேலி இருந்தால் அதற்குச் சாப்பாடு இருக்கிறது. காய்ந்த மரக்கிளை, பழைய மூங்கில் ஒன்றிரண்டையும் ஓரமாக விட்டுவையுங்கள்; கூடு கட்டிக்கொள்ளும்.

இலையெல்லாம் பச்சைப் புழு தின்னுது. மருந்து அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது எமிகிரன்ட் என்று சொல்லும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் புழு. கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்து போகுமே, அந்த வகை. அவை முட்டையிடுவதே ஆவாரை, கொன்றை போன்ற செடிகளில்தான். புழு இலையைத் தின்று கூட்டுப்புழுவானதும் செடி மறுபடி தளிர்விடும். புழு தின்றதால் செத்துப்போன ஆவாரையை நான் பார்த்ததில்லை. பூச்சிமருந்து அடித்தால் மேலே சொன்ன கருவண்டுக்கும் சேர்த்து அடித்ததாக ஆகிவிடும்.

ஆடு மாடு கடிச்சிடாதா?

மாடு வாய் வைக்காது. ஆடு வேறு தழை இருக்கும்வரை திரும்பிப் பார்க்காது. இலையில் இருக்கும் துவர்ப்புதான் காரணம். அதிகமாக மேய்ந்து தேய்ந்துபோன தரையில் கடைசியாக மிஞ்சி நிற்பது ஆவாரையும் எருக்கும்தான். சிலர் இதைப் பார்த்து "ஆவாரை இருந்தால் அது கெட்ட நிலம்" என்கிறார்கள். நிலம் கெட்ட பிறகும் விட்டுப் போகாத செடி என்று நான் சொல்வேன்.

விதை போட்டு ரெண்டு மாசமாச்சு. ஒண்ணுகூட முளைக்கலை.

விதையின் தோல் கல் மாதிரி இருக்கும், தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, மண்ணில் உரசி அது மெதுவாக இளகும். நாம் அவசரப்படுவதால் வேறு வழி. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதையை அதில் போட்டு அப்படியே இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதையை மட்டும் எடுத்து நடுங்கள். உப்பாததை மறுபடி ஒருமுறை அதே மாதிரி செய்யலாம். சொரசொரப்பான தரையில் மணலோடு சேர்த்துத் தேய்த்தாலும் வேலை நடக்கும்.

விதையை மாசி, பங்குனியில் காய் பழுப்பாகிச் சலசலக்கும்போது எடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

தொட்டியில வளர்க்கலாமா? மாடியில வெச்சா பூக்குமா?

வளர்க்கலாம், பூக்கும். ஆழமான தொட்டி வேண்டும், செம்மண்ணோடு மணலோ சரளையோ சேர்க்க வேண்டும், நாள் முழுக்க வெயில் வேண்டும். கெடுவது பெரும்பாலும் அன்பால்தான். ஆரம்பத்தில் நானே தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி ஒரு வரிசை நாற்றை அழுக விட்டிருக்கிறேன். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், போதும். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் அடர்த்தியாகக் கிளைக்கும். இடம் இருப்பவர்கள் தரையிலேயே வையுங்கள். தொட்டியில் வாழும், ஆனால் ஆழமாக வேர்விடும் அதன் குணத்துக்குத் தொட்டி சிறைதான்.

தோல் பதனிட இதோட பட்டையைத்தான் போடுவாங்கன்னு தாத்தா சொல்வார். உண்மையா?

முழு உண்மை. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே தோல் பதனிடுபவரின் கேசியா என்றுதான். பட்டையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வரை டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கும். சுண்ணாம்பில் ஊற வைத்து முடி நீக்கிய தோலை ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டு வைத்தால், டானின் தோலின் இழைகளோடு பிணைந்து அதை அழுகாத தோலாக மாற்றும். ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிர் நிறமாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதற்காகக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள். சென்னை ராஜதானியிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தையில் "ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்" என்று பெயர் வாங்கிய தோல் இந்த முறையில் வந்ததுதான்.

பட்டை உரிக்கக் கிளையை வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். அதனால் அந்தத் தொழில் செடியை ஒழித்துவிடவில்லை. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, அப்புறம் குரோமிய உப்பில் பதனிடும் குரோம் முறை வந்தது, ஆவாரம்பட்டைக்கு வேலை குறைந்துபோனது. இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. வாட்டில் மரத்தை டானினுக்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிமேல் நட்டார்கள். அது பரவி, குறிஞ்சி பூக்கும் புல்வெளிகளையே மூடிவிட்டது. கீழே வெயிலில் தானாக வளர்ந்த செடியை விட்டுவிட்டு, மேலே மலையில் வெளியூர் மரத்தை வைத்த கதை இது.

சர்க்கரைக்கு ஆவாரம்பூ டீ குடிச்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்தக் கூடாது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் உண்டு. ஆனால் அதில் ஆவாரை மட்டும் இல்லை. கொன்றை, நாவல், மருதம், கோரைக்கிழங்கு என்று இன்னும் பலவும் சேரும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் மருந்துச் செடிகளைச் சோதித்து 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கல்லீரலைக் கெடுக்கக்கூடிய ஆல்கலாய்டு வகை இந்தச் செடியிலும் இருப்பதாகச் சொன்னது. அங்கே ரணவரா என்ற பெயரில் இதைத் தேநீராகக் குடிக்கும் பழக்கம் உண்டு. எப்போதாவது பருப்போடு ஒரு ஆவாரம்பூக் கூட்டு என்பது வேறு, மாதக்கணக்கில் காலை மாலை டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தவிர்ப்பதே நல்லது.

பருப்பு வகைச் செடிதானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா?

பலரும், விவசாயம் தெரிந்தவர்களும்கூட, இதில் தவறுகிறார்கள். பயறு வகைக் குடும்பத்தில் இருப்பதெல்லாம் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வேர்முடிச்சில் சேர்க்கும் என்பது சரியில்லை. சென்னா இனத்துச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்முடிச்சே வருவதில்லை. ஆவாரையை நட்டுவிட்டு மண்ணில் யூரியா சேர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

ஆனால் தழையை வெட்டி வயலில் மிதித்தால் நல்ல உரம். நெல்வயலுக்கு, முக்கியமாக உவர் மண்ணுக்கு, ஆவாரந்தழை போடுவது பழைய வழக்கம். ஆழ வேர் கீழிருந்து இழுத்த சத்து இலை வழியாக மேல்மண்ணுக்கு வருகிறது. அதுவே போதுமான நன்மை.

சும்மா கிடக்கிற தரிசுதானே. ஆவாரையை எடுத்துட்டு நல்ல மரமா நட்டா ஊருக்கு நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் "தீர்வை ஏற்பட்ட தரிசு", "தீர்வை ஏற்படாத தரிசு" என்று இருக்கிறது. தீர்வை என்றால் நிலவரி. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலம் ஒரு தரிசு வகைதான். வரி வராத நிலம் என்ற கணக்கு மெல்ல மெல்ல உயிர் இல்லாத நிலம் என்ற எண்ணமாகிவிட்டது. நான்காவது கேள்வியில் சொன்ன கௌதாரியும் முயலும் ஆமையும் அந்தப் பதிவேட்டில் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள், சுண்டைக்காயும் இலந்தையும் பொறுக்குபவர்கள், மருந்துச்செடி பறித்துக் குடும்பம் நடத்துபவர்கள், அவர்களும் அதில் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு மேட்டில் நல்ல ஆவாரங்காடு இருந்தது. சில வருடங்களுக்கு முன் நல்ல மனதுள்ள சிலர் சேர்ந்து மரம் நடும் விழா வைத்தார்கள். முதல் நாள் ஜேசிபி விட்டுப் புதரையெல்லாம் வழித்துச் சமப்படுத்தினார்கள். மறுநாள் வேம்பு, புங்கை, நாவல் கன்றுகளை வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் போய் நாலு கன்று நட்டேன். அன்று எனக்கும் விவரம் போதவில்லை. சரளைத்தரையில் அடுத்த கோடையைப் பெரும்பாலான கன்றுகள் தாண்டவில்லை. மழை வந்தபோது, புதர் பிடித்து வைத்திருந்த மேல்மண் ஓடையாகக் கீழே இறங்கியது. ஜேசிபி எட்டாத ஓரத்தில் மட்டும் ஆவாரை தழைத்துப் பூத்தது. மரம் நடுவது தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவில் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள், மரம் வெட்டிய இடத்தில் நடுங்கள். ஏற்கெனவே ஒரு காடு இருக்கும் இடத்தில், அது இடுப்பு உயரம்தான் என்பதற்காக அதை அழித்து நடாதீர்கள்.

அப்போ சீமைக் கருவேலத்தையும் புதர்க்காடுன்னு விட்டுடணுமா?

வேண்டாம், அது வேறு கதை. சீமைக் கருவேலம் வெளியிலிருந்து வந்து, அடர்ந்து நிழல்கட்டி, கீழே எதையும் வளரவிடாமல் செய்யும் மரம். வெயில் இல்லாத இடத்தில் ஆவாரை நிற்காது என்று மேலே சொன்னேன். சீமைக் கருவேலம் மூடிய இடத்தில் ஆவாரை மறைவது அதனால்தான்.

ஆனால் எடுக்கும் முறை முக்கியம். பெரிய இயந்திரத்தை விட்டு மொத்தமாக வழித்தால் நடுவில் மிஞ்சியிருக்கும் நாட்டுச் செடிகளும் போய்விடும். வெறும் தரையில் முதலில் முளைப்பதும் சீமைக் கருவேலமாகவே இருக்கும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, வேரோடு எடுத்து, அந்த இடத்தில் உடனே ஆவாரை, விரலி விதைகளைத் தூவுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கூடவே இருந்து, முளைத்து வரும் கருவேலங்கன்றைக் கையால் பிடுங்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தொடங்காமல் இருப்பதே நல்லது.

பூ பறிச்சா செடி குறைஞ்சிடுமா? நாங்க வீட்டுக்குக் கொஞ்சம்தான் எடுக்கிறோம்.

வீட்டுக்குக் கொஞ்சம் எடுப்பதால் ஒன்றும் ஆகாது. விற்பனைக்காக மூட்டை மூட்டையாக, ஒரு மொட்டுகூட விடாமல் உருவுவதுதான் கவலை. அந்த வருடம் அந்தக் காட்டில் காய் இருக்காது, விதை இருக்காது, கருவண்டுக்குச் சாப்பாடும் இருக்காது. நான் பின்பற்றும் வழக்கம்: ஒரு செடியில் கால்வாசிக்கு மேல் பறிப்பதில்லை, கிளையை ஒடிப்பதில்லை, வண்டு உட்கார்ந்திருக்கும் செடியை விட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். வேரைத் தோண்டுவதை அறவே வேண்டாம் என்பேன். பறித்த பூவை நிழலில் காய வையுங்கள். வெயிலில் காய்ந்தால் நிறம் போய்விடும்.

மனை வாங்கியிருக்கேன். உள்ளே பத்துப் பதினஞ்சு ஆவாரை இருக்கு. தோண்டி வேற இடத்துல நட்டுடலாமா?

வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆணிவேர் கீழே போய்விட்டிருக்கும், தோண்டும்போது அறுந்துவிடும். முழங்கால் உயரத்துக்குக் குறைவான கன்றை, மழைநாளில், மண்ணோடு ஆழமாக எடுத்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

அதைவிட, வீட்டுப் படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். சுற்றுச்சுவர் ஓரம், கழிவுநீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், வாசலுக்கு இடதுபுறம் என்று கட்டடம் வராத இடத்தில் நிற்கும் செடிகளை அப்படியே விட முடியுமா? கட்டட வேலை நடக்கும்போது நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி, மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஜல்லி கொட்டுவது அங்கேதான். எடுத்தே ஆக வேண்டிய செடிகளில் காய் இருந்தால் முதலில் விதை சேகரித்துக்கொள்ளுங்கள். காய் பச்சையாக இருந்தால், முடியுமானால், ஒரு மாதம் வேலையைத் தள்ளிப்போடுங்கள். விதையைக் காகிதப் பையில் போட்டு, எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதி வையுங்கள். வீடு கட்டி முடித்ததும் விதை ஊற வைக்கும் முறை மேலே இருக்கிறது.